குளத்து மீனுக்குள் உலோகம் என்ன செய்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. வன்னிக் குளமொன்றில் மாரியின் முதல் மழைக்குப் பிறகு திலாப்பியா கூட்டமாகச் செத்து மிதந்திருக்கிறது. பசளையில் வரும் கட்மியம்தான் காரணம் என்று சிலரும், போர்க்காலத்து வெடிபொருளின் ஈயம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். பார உலோகம் நன்னீர் மீனை உண்மையில் என்ன செய்யும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மிச்ச மீனைத் தின்னலாமா?

செத்து மிதந்த மீனிலிருந்தே தொடங்குவோம். ஒரே இரவில் மீன் கூட்டமாகச் செத்தால் உலோகத்தைக் கடைசிச் சந்தேகமாக வையுங்கள். வழமையான குற்றவாளி ஒட்சிசன் தட்டுப்பாடு. ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி, இருக்கிற கொஞ்ச நீரில் பாசி தடித்துக் கிடக்கும். முதல் மழை அலைகரையில் கிடந்த மாட்டுச் சாணம், வைக்கோல், சருகு எல்லாவற்றையும் உள்ளே இழுத்து வரும். அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தின்றுவிடும். வானம் மூட்டமாக இருப்பதால் பாசியும் பகலில் போதிய ஒட்சிசனை உண்டாக்காது. மழையும் காற்றும் அடியில் கிடந்த கறுத்த நீரை மேலே கலக்கிவிட்டால் விடியும்போது ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கும். மீன் வாயைத் திறந்தபடி மேலே வரும், பிறகு மிதக்கும்.

ஆய்வுகூடம் இல்லாமலே இதைப் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது நேரம்: ஒட்சிசன் சாவு நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியலில் உச்சமாகும். நஞ்சுக்கு நேரம் காலம் கிடையாது. இரண்டாவது பருமன்: ஒட்சிசன் குறைந்தால் பெரிய மீன்தான் முதலில் சாகும், நஞ்சு என்றால் குஞ்சும் சின்ன மீனும் முந்தும். மூன்றாவதுதான் மிக நம்பகமானது, இனம். விரால், பனையேறி ஆகியவை மேலே வந்து காற்றைக் குடித்துத் தப்பக்கூடியவை. திலாப்பியாவும் ரோகுவும் கட்லாவும் செத்துக் கிடக்க விரால் உயிரோடு திரிந்தால் அது ஒட்சிசன். விராலும் சேர்ந்து செத்திருந்தால் கிருமிநாசினி, அமோனியா, அல்லது ஏதோ ஒரு நஞ்சு. அப்போதும் உலோகத்துக்கு முன் அண்மையில் வயலுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று விசாரியுங்கள்.

அப்படியானால் உலோகம் ஆபத்தில்லையா என்றால், ஆபத்துத்தான். ஆனால் அதன் வேலை மெல்ல நடப்பது, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. குளத்தில் மீன் மிதக்காது. வருடாவருடம் குஞ்சு குறையும், மீன் மெலியும், நோய் அடிக்கடி வரும். மீனவர் சங்கத்தார் அதை வலைக்கண் சின்னதாகிவிட்டதன் கணக்கிலோ, மழை பிந்தியதன் கணக்கிலோ போட்டுவிடுவார்கள். பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். அதனால்தான் அளந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

உலோகம் மீனுக்குள் போகும் பெரிய வாசல் செவுள். மீன் வாங்கும்போது பூ சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறோமே, அதே பூ. மூச்சுவிடுவது அதன் ஒரு வேலை. இன்னொரு பெரிய வேலை உப்புச் சமநிலையைக் காப்பது. நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிக அதிகம். ஆகவே நீர் ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டும், உப்பு வெளியே கசிந்துகொண்டும் இருக்கும். மீன் அதிகப்படி நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, இழந்த சோடியத்தையும் கல்சியத்தையும் செவுள் வழியாகக் குளத்து நீரிலிருந்தே திரும்ப இழுத்துக்கொள்கிறது. அந்த இழுக்கும் வாயில்களைத்தான் உலோகங்கள் பிடித்துக்கொள்கின்றன. கட்மியம், துத்தநாகம், ஈயம் மூன்றும் கல்சியத்தின் வாயிலால் நுழைகின்றன. செம்பு சோடியத்தின் வாயிலைப் பிடிப்பதோடு, சோடியத்தை இரத்தத்துக்குள் தள்ளும் நொதியத்தையும் முடக்குகிறது. இரத்தத்தில் சோடியம் இறங்க, நீர் இரத்தத்தை விட்டு இழையங்களுக்குள் போக, இரத்தம் தடித்து இதயம் களைத்துவிடும். செறிவு இன்னும் கூடினால் செவுளின் மெல்லிய இதழ்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டும், வழுவழுப்பான சளி மூடும். சுற்றிவர ஒட்சிசன் நிறைந்த நீர் இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

கல்சியத்தின் வாயில் என்று சொன்னதில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது. நீரில் கல்சியம் நிறைய இருந்தால் வாயில்களை அதுவே நிரப்பிக்கொள்ளும், உலோகத்துக்கு இடம் கிடைக்காது. அதனால் ஒரே அளவு செம்பு வன்னீரில் ஒன்றும் செய்யாமல், மென்னீரில் மீனைக் கொல்லும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நீரின் வன்மையை, அதாவது கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியத்தின் அளவை, வைத்துக் கணக்கிட்ட செம்பு எல்லை இதைக் காட்டும். குறுகிய நேரத் தாக்கத்துக்கு, வன்மை லீற்றருக்கு 50 மில்லிகிராம் உள்ள நீரில் 7 மைக்கிரோகிராம், 100 இருந்தால் 13, 200 இருந்தால் ஏறத்தாழ 26. வன்மை இரட்டித்தால் தாங்கும் அளவும் கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. இந்த எல்லைகள் எளிதில் பாதிக்கப்படும் உயிர்களைக் காக்க வகுத்தவை என்பதையும் மறக்கக்கூடாது. திலாப்பியா இதைவிட நிறையத் தாங்கும். சேற்று மணமுள்ள கபில நிற நீரில் இருக்கும் கரைந்த சேதனப் பொருளும் செம்பைக் கட்டிப்போடும்.

இனி இந்த எண்களைக் குடிநீர் எல்லைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்பை லீற்றருக்கு 2000 மைக்கிரோகிராம் வரை விடுகிறது. வன்மை 100 உள்ள நீரில் மீனுக்கான எல்லையைவிட அது ஏறக்குறைய 150 மடங்கு. ஈயத்துக்குக் குடிநீர் எல்லை 10. அதே வன்மையில் நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகால எல்லை 2.5. கட்மியம் குடிநீரில் 3, மீனுக்கு 0.72. ஆசனிக்கில் மட்டும் நிலைமை தலைகீழ்: குடிநீரில் 10, நீர்வாழ் உயிர்களுக்கு 150. ஆகவே, குளத்து நீரைச் சோதித்தோம், குடிக்கலாம் என்று வந்தது, மீனுக்கும் பிரச்சினையில்லை என்று சொன்னால் அது பொருந்தாத முடிவு. ஆய்வுகூடம் குடிநீருக்காக அமைத்த கருவியில் செம்பு 50 மைக்கிரோகிராமுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தால், மீனின் பார்வையில் அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை.

வன்னியில் இதற்கு ஒரு பருவக் கணக்கு உண்டு. கோடையில் நீர் வற்ற வற்ற உப்பும் கல்சியமும் செறிந்து வன்மை ஏறும். உலோகமும் செறியும்தான், ஆனால் கல்சியமும் கூடவே காவல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் வந்து நிரம்பும்போது வன்மை சடாரென்று இறங்கும். அதே நாட்களில் வீதியோரம், கராஜ் முற்றம், எரித்த குப்பைமேடு, உழுத வயல் எல்லாவற்றையும் கழுவிய முதல் வெள்ளம் வரும். வற்றிக் காய்ந்து வெடித்த குளத்தடி மண்ணில் சல்பைட்டாகப் பூட்டிக் கிடந்த உலோகம் கோடை முழுக்கக் காற்றுப் பட்டு ஒட்சியேறி, நனைந்ததும் கரைந்து வெளியேறும். உள்ளூர் மீன்களில் பல முட்டையிடுவதும் அந்த வெள்ளத்தில்தான். காவல் மிகக் குறைந்திருக்கும்போது, வரத்து மிக அதிகமாகவும், குளத்தில் மிக நோஞ்சான பருவத்து உயிர்கள் நிறைந்தும் இருக்கின்றன. வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் நீர் மாதிரி எடுக்கக் காசு இருக்கிறதென்றால் ஆடியில் எடுக்காதீர்கள், முதல் வெள்ளம் வந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் எடுங்கள்.

உள்ளே போன பிறகு ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு இடத்தில் குடியேறும். கட்மியம் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. மீனின் உடல் மெற்றலோதயோனீன் என்ற சிறு புரதத்தை உண்டாக்கி அதைக் கட்டிவைக்கும். அந்தப் புரதத்தின் கொள்ளளவு தாண்டும்வரை மீன் வெளியே நலமாகவே தெரியும். தாண்டினால் சிறுநீரகக் குழாய்கள் பழுதாகும், கல்சியம் இறங்கும், முட்டைக்குத் தேவையான மஞ்சட்கருப் புரதம் குறையும். ஈயம் கல்சியம் போகும் இடமெல்லாம் போகும். என்பு, செதில், செவுள் மூன்றிலும் படியும். இரத்தச் சிவப்பணு உருவாகத் தேவையான ஒரு நொதியத்தை மிகச் சிறு அளவிலேயே தடுக்கும். நாட்பட்டால் வாற்பகுதி கறுக்கும், முள்ளந்தண்டு வளையும். ஆனால் வளைந்த முதுகைக் கண்டவுடன் ஈயம் என்று முடிவுகட்ட வேண்டாம். உயிர்ச்சத்து சி குறைந்த தீனி, ஒரே தாய்மீன்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக எடுத்த குஞ்சு, முட்டை பொரித்த நேரத்துக் கடும் வெப்பம் எல்லாமே முதுகை வளைக்கும்.

செம்பு செய்யும் ஒரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. அது மீனின் மூக்கைக் கெடுக்கிறது. சில மைக்கிரோகிராம் முதல் இருபது மைக்கிரோகிராம் வரையான செறிவிலேயே, சில மணி நேரத்தில், மணம் உணரும் நரம்பணுக்கள் மந்தமாகின்றன. இது சால்மன் மீன்களில் தெளிவாகக் காட்டப்பட்டது. மணம் தெரியாத மீன் தன் இனத்து மீன் கடிபட்டபோது நீரில் கலக்கும் எச்சரிக்கைப் பொருளை அறியாது, விரால் வாய்க்குள் நேரே போகும். அந்த மீன் நஞ்சால் செத்ததாக எந்தக் கணக்கிலும் வராது.

பாதரசத்தின் பாதை வேறு. நீரில் அது மிகக் குறைவாகவே இருக்கும். ஒட்சிசன் இல்லாத அடிச்சேற்றில் சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து விராலுக்கும் ஏற ஏறச் செறியும். மற்ற உலோகங்கள் தசையில் குறைவாகத் தங்க, இது தசையில்தான் தங்குகிறது. கொன்று தின்னும் மீனின் தசையிலுள்ள பாதரசத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மெதைல் வடிவம். எனவே ஒரே குளத்தில் கைச்சாண் திலாப்பியாவும் இரண்டு கிலோ விராலும் ஒன்றல்ல.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விளைவு ஒன்று உண்டு. உலோகத்தோடு மல்லுக்கட்டும் மீனின் உடலில் அழுத்த ஓமோன் ஏறிக்கிடக்கும், நோயெதிர்ப்பு இறங்கும். பிறகு ஏரோமோனாஸ் போன்ற பற்றீரியா வந்து புண் வைக்கும். புண்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் விராலில் மழைக்காலத்தில் வரும் ஆழமான சிவந்த புண் பெரும்பாலும் ஒரு நீர்ப்பூஞ்சை நோய். உலோகத்துக்கு அது சான்றாகாது.

இனி உலோகம் எங்கிருந்து வருகிறது. போரிலிருந்து தொடங்கினால், 2009க்கு முன் குளங்களில் விழுந்த துப்பாக்கிச் சன்னத்தில் ஈயமும் செம்பும் உண்டு, வெற்றுக் கோதில் செம்பும் துத்தநாகமும் உண்டு. ஆனால் காரத்தன்மையும் வன்மையும் உள்ள நீரில் ஈயத்துண்டின் மேல் வெள்ளைக் காபனேற்றுப் படை ஒன்று வளர்ந்து அதை மூடிவிடும். கரைவு மிக மெதுவாகும். குளத்தின் நடுவே கிடக்கும் நூறு சன்னத்தைவிட, அலைகரையில் பழைய பற்றறியை உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, ஈயத்தை உருக்கி வலைக்கு மணி வார்க்கிற ஒரு அடுப்படி மோசமானது. அங்கே ஈயம் நுண்தூளாகவும், அமிலத்தோடு சேர்ந்தும் கிடக்கிறது. முதல் மழை அதை அப்படியே குளத்துக்குள் கொண்டுபோகும். துருப்பிடித்த வாகன இரும்பைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, இரும்பு அந்த அளவில் மீனைக் கெடுக்காது. அந்த வாகனத்தின் பற்றறியும் கழிவு ஒயிலும்தான் பார்க்கவேண்டியவை. வெடிக்காத பொருள் எதையாவது கண்டால் மீன் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, தொடாமல் விலகி அறிவியுங்கள்.

பசளை பற்றிய பேச்சில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. பொசுபேற்றுப் பாறையில் இயற்கையாகவே கட்மியம் இருக்கும், முச்சுப்பர் பொசுபேற்றில் அது கூடவே வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் ஒரு கிலோ பொசுபரசு ஐந்தொட்சைட்டுக்கு 60 மில்லிகிராம் கட்மியம் என்று எல்லை வைத்திருக்கிறது. முச்சுப்பரில் அந்த ஒட்சைட்டு 46 சதவீதம் என்று வைத்தால், எல்லை விளிம்பில் உள்ள பசளை கிலோவுக்கு 27 அல்லது 28 மில்லிகிராம் கட்மியம் சுமக்கும். ஏக்கருக்கு 25 கிலோ போட்டால் ஒரு போகத்துக்கு ஏறக்குறைய 0.7 கிராம். அதில் பெரும்பங்கு மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். பத்து இருபது வருடத்தில் மண்ணில் சேர்வதுதான் கவலை, அதுவும் முதலில் நெல்லுக்குள் போகும் கவலை.

இன்னொன்று, குளத்துக்குக் கீழே உள்ள வயலின் கழிவுநீர் அதே குளத்துக்குத் திரும்பி வராது. அது கீழே ஓடி அடுத்த குளத்துக்குப் போகும். இரணைமடுவின் கீழ் விளையும் வயல்களின் பசளையை இரணைமடு மீனின் தலையில் கட்டமுடியாது. அந்தக் குளத்துக்குக் கனகராயன் ஆறு எதைக் கொண்டுவருகிறது என்று பாருங்கள். கட்டுக்கரைக் குளத்துக்கு வரும் அருவியாறு அநுராதபுரம் தாண்டி வருகிறது, அங்கே மேலே உள்ள நகரமும் வயலும் கணக்கில் வரும். உங்கள் குளத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் வரத்து வாய்க்கால் வழியே நடந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வாகனம் கழுவும் இடம், கராஜ், குப்பைமேடு, ஆலை, மேட்டு வயலின் கழிவு வாய்க்கால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நந்திக்கடல் போன்ற களப்பு இந்தக் கணக்கில் சேராது. உவர்நீரில் குளோரைட்டு கட்மியத்தைக் கட்டிக்கொள்ளும், இரசாயனமே வேறு.

பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்பவர்களுக்கு உலோகம் வெளியிலிருந்து வருவதைவிட அவர்கள் கையாலேயே வருவது அதிகம். பாசியைக் கொல்ல மயில்துத்தம், அதாவது செப்புச் சல்பேற்று, போடுகிறார்கள். அளவு நீரின் காரத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள காபனேற்று, இருகாபனேற்றின் அளவை, பொறுத்தது: மொத்தக் காரத்தன்மையை நூறால் வகுத்தால் வருவது ஒரு லீற்றருக்குப் போடக்கூடிய மில்லிகிராம். காரத்தன்மை 150, ஆழம் சராசரி ஒரு மீற்றர், பரப்பு ஒரு ஏக்கர் என்றால் நீர் ஏறத்தாழ 4050 கன மீற்றர். கன மீற்றருக்கு 1.5 கிராம் வீதம் 6 கிலோ. இதில் நாலில் ஒரு பங்கு செம்பு, அதாவது லீற்றருக்கு 380 மைக்கிரோகிராம். மேலே சொன்ன 13 உடன் ஒப்பிட்டால் பயங்கரமாகத் தெரியும். காரத்தன்மை அதை விரைவாகக் கட்டி அடியில் இறக்கிவிடுவதால்தான் மீன் தப்புகிறது. காரத்தன்மை 50க்குக் கீழே என்றால் போடவே கூடாது. மாரியில் மழைநீர் நிரம்பிய குட்டையில் கோடை அளவைப் போட்டுச் சாகடிப்பதுதான் வழமையான விபத்து. போடுவதானால் வெயிலான காலையில், குட்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், மிச்சத்தைச் சில நாள் விட்டு. முழுப் பாசியும் ஒரே நாளில் செத்தால் அடுத்த விடியலில் ஒட்சிசன் இருக்காது. ஒவ்வொரு தடவையும் ஒன்றரைக் கிலோ செம்பு சேற்றில் தங்குகிறது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நாலு தடவை போடுகிற குட்டைக்கு உண்மையான மருந்து தீனியைக் குறைப்பதுதான்.

குழாய்க் கிணற்று நீரை நேரே குஞ்சுத் தொட்டிக்கு விடுவது அடுத்த தவறு. வெளியே வரும்போது தெளிவாக இருக்கும் நீர் அரை மணி நேரத்தில் செங்காவி நிறமானால் அதில் கரைந்த இரும்பு இருக்கிறது. காற்றுப் பட்டதும் அது துகளாகி முட்டையின் மேலும் செவுளின் மேலும் படியும். குஞ்சு நச்சுத்தன்மையால் சாவதைவிட மூச்சடைத்தே சாகும். செவுளைத் திறந்தால் கபிலப் படிவு தெரியும். தீர்வு மலிவானது: நீரைப் படிப்படியாக விழவிட்டோ தெளித்தோ காற்றூட்டி, ஒரு தொட்டியில் 24 மணி நேரம் படியவிட்டு, மணல் வடியால் எடுங்கள். புதிய கல்வனைஸ் தொட்டியில் குஞ்சை வைக்காதீர்கள், துத்தநாகம் கசியும். பிளாஸ்ரிக் தொட்டி போதும்.

சோதனைக்கு வருவோம். நீரை மட்டும் சோதிப்பது காசைக் கரைப்பது. நீர் அந்த நாளை மட்டும் சொல்லும், சேறு பல வருடங்களைச் சொல்லும், மீன் தன் வாழ்நாளைச் சொல்லும். மூன்றும் வேண்டும். கூடவே மேலே நகரமோ தொழிலோ இல்லாத இன்னொரு குளத்திலிருந்து அதே மாதிரிகளும் வேண்டும், ஒப்பீடு இல்லாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஏனென்றால் வன்னியின் பாறையும் மண்ணும் தாமாகவே கொஞ்சம் உலோகம் வைத்திருக்கின்றன.

நீருக்கு, 10 சதவீத நைத்திரிக்கமிலத்தில் ஊறவைத்துத் தூய நீரால் அலசிய பொலித்தீன் போத்தல். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் 0.45 மைக்கிரோமீற்றர் வடியால் இடத்திலேயே வடித்து, பிறகே அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே இறக்கவேண்டும். வடிக்குமுன் அமிலம் சேர்த்தால் களியில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, கலங்கிய நீரில் பொய்யான உயர்ந்த எண் வரும். பாதரசத்துக்குத் தனிக் கண்ணாடிப் போத்தல். வன்மை, காரத்தன்மை, பிஎச் மூன்றையும் கட்டாயம் கேளுங்கள், அவை இல்லாமல் செம்பு எண்ணை வாசிக்கமுடியாது. சேறு என்றால் மேல் 5 சென்ரிமீற்றரை பிளாஸ்ரிக் கரண்டியால் ஐந்தாறு இடத்தில் எடுத்துக் கலவுங்கள். மீன் என்றால் ஒரே இனம், ஒத்த நீளம், குறைந்தது பத்து. செத்து மிதந்து அழுகியதை எடுக்கவேண்டாம். நீளத்தையும் நிறையையும் குறித்து, தசை, ஈரல், சிறுநீரகம், செவுள் ஆகியவற்றைத் தனித்தனிப் பையில் இட்டு உடனே உறையவையுங்கள். முழு மீனையும் அரைத்துச் சோதித்தால் குடலுக்குள் இருந்த சேற்றின் உலோகம்தான் பெரிதாகத் தெரியும்.

கொண்டுபோகும் முன் ஆய்வுகூடத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் கருவியால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன? மீன் தசைக்கான சான்றளித்த மாதிரி ஒன்றைக் கூடவே ஓட்டுவீர்களா? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு, கொழும்பில் நாரா என்ற தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் உண்டு. எங்கே கேட்டாலும் இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். குஞ்சு விடும் நக்டா என்ற நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையின் விரிவாக்க உத்தியோகத்தருக்கும் தகவல் கொடுப்பது நல்லது.

காசே இல்லாத சங்கம் என்றால் தராசும் அடிக்கோலும் போதும். மாதம் ஒருமுறை ஒரே வலைக்கண்ணில் பிடித்த முப்பது திலாப்பியாவின் நிறையையும் நீளத்தையும் எழுதுங்கள். கிராமிலுள்ள நிறையை நூறால் பெருக்கி, சென்ரிமீற்றரிலுள்ள நீளத்தின் மும்மடியால் வகுக்கவேண்டும். 20 சென்ரிமீற்றர், 150 கிராம் என்றால் 1.88 வரும். மீனின் கொழுமையைக் காட்டும் இந்த எண் பருவத்தோடு ஏறி இறங்கும். ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் இறங்கிக்கொண்டே போனால் ஏதோ பிழை இருக்கிறது, சோதனைக்குக் காசு தேடுங்கள். திலாப்பியாவுக்கு முரட்டுத் தாங்குதிறன் உண்டு என்பதை மட்டும் மறக்கவேண்டாம். 1952இல் இலங்கைக்கு வந்த இந்த மீன் இத்தனை குளங்களிலும் பிடித்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். திலாப்பியா நிறைய இருக்கிறது என்பது குளம் சுத்தம் என்பதற்குச் சான்றில்லை. சின்னக் கெண்டைகள் காணாமல் போயினவா என்று பாருங்கள்.

அறிக்கை வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். மீன் தசையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் உலர் நிறைக்கு எண் தருகின்றன, உணவு எல்லைகளோ ஈர நிறைக்கு உள்ளவை. உலர் நிறையில் ஈயம் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் என்று வந்து, நீர் 78 சதவீதம் என்றால், ஈர நிறையில் 0.2. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் எல்லையான 0.3க்கு அது கீழே. இந்த ஒரு கணக்கைச் செய்யாமல், எல்லையை மூன்று மடங்கு தாண்டிய மீன் என்று தலைப்புப் போட்டால் ஒரு கிராமத்தின் சந்தையே படுத்துவிடும். கட்மியத்துக்கு ஐரோப்பிய எல்லை பெரும்பாலான மீன் தசையில் 0.05.

தின்னலாமா என்றால், பெரும்பாலும் தசையைத் தின்னலாம், உறுப்பைத் தின்னக்கூடாது. கட்மியத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு நிபுணர் குழு சொல்லும் அளவு ஒரு கிலோ உடல் நிறைக்கு மாதம் 25 மைக்கிரோகிராம். 50 கிலோ ஆளுக்கு மாதம் 1250. தசையில் 0.05 இருக்கும் மீன் என்றால் அந்த அளவை எட்ட மாதம் 25 கிலோ தின்னவேண்டும். அதே குளத்து மீனின் ஈரலில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் இருந்தால் 625 கிராமே போதும். சோற்றிலிருந்தும் கட்மியம் வரும் என்பதால் உண்மையான இடைவெளி இதைவிடக் குறைவு. மெதைல் பாதரசத்துக்கு வாரம் கிலோ உடல் நிறைக்கு 1.6 மைக்கிரோகிராம். விரால் தசையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் இருந்தால் 50 கிலோ ஆளுக்கு வாரம் 265 கிராம் அளவில் நிறுத்தவேண்டும், 15 கிலோ குழந்தைக்கு 80 கிராமோடு. கர்ப்பிணிகளுக்குப் பெரிய விராலைவிடச் சின்னத் திலாப்பியா நல்லது. குளத்து மீனால் சிறுநீரக நோய் வருகிறது என்று நேரே முடிச்சுப் போடவேண்டாம். வவுனியா வரை பரவியிருக்கும் அந்த நோய்க்கு உலோகம், புளோரைட்டு, கிருமிநாசினி, வெயிலில் நீரிழப்பு எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன.

பொரித்தாலும் அவித்தாலும் புளி விட்டாலும் உலோகம் போகாது. கருவாடாக்கினால் நீர் போய் எண் மூன்று மடங்கு வரை ஏறும், அளவைக் குறைத்துத் தின்னுங்கள். சந்தேகமான குளத்து மீனைச் சுத்தமான தொட்டியில் சில நாள் விட்டு எடுத்தால் குடலிலும் செவுளிலும் உள்ள செம்பும் துத்தநாகமும் குறையும். சிறுநீரகத்துக் கட்மியமும் தசையின் பாதரசமும் குறைய மாதங்கள், சில வேளை வருடங்கள் ஆகும். வெட்டும்போது செவுள், குடல், ஈரல் ஆகியவற்றோடு, முள்ளந்தண்டின் அடியில் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புக் கோட்டையும் நகத்தால் சுரண்டி எடுங்கள், அதுதான் சிறுநீரகம். தலையோடும் குடலோடும் முழுதாகப் பொரிக்கிற சின்ன மீனை இப்படிச் சுத்தம் செய்யமுடியாது. சோதனை முடிவு வரும்வரை அந்தக் குளத்தில் அதை மட்டும் தவிருங்கள். எடுத்த குடலையும் ஈரலையும் கோழிக்குப் போடவோ குட்டைக்குள் திருப்பி எறியவோ வேண்டாம். குளத்து வரத்துக்கு எட்டாத மேட்டில் குழி வெட்டிப் புதையுங்கள்.